தலையை எண்ணினால் போதுமா?

திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரர் கோவிலில் ஒரு புதுமை உண்டு. சிவன் கோவில்களில் நந்தி சுவாமியைப் பார்த்துப் படுத்திருக்கும். இங்கோ வெளியே பார்த்துப் படுத்திருக்கிறது. தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட நந்தி அது என்பார்கள்.

உதவி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். துன்பப்படுகிறவரை அது தேடிப்போக வேண்டும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சட்டம் பல உதவிகளைத் தந்திருக்கிறது. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்தவருக்கு ஒரு காப்பாளரை நியமிக்கலாம். அதற்கு மாவட்டக் கலெக்டர் தலைமையில் குழு உண்டு. "நிராமயா" காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தாங்குகிறது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் ஆயிற்று.

சரி, இவற்றை வீட்டில் கொண்டு சேர்ப்பது யார்? பிள்ளையை விட்டு நகர முடியாத தாய், திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனை முறை ரெயில் ஏறுவாள்?

அங்கேதான் சமூகப் பணியாளர் வருகிறார். மனு எழுதுவது அவர். வழி சொல்வதும் தைரியம் சொல்வதும் அவரே.

60 வீடு, ஓர் ஆள்

அவரிடம் 60 குடும்பங்களை ஒப்படைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 25 நாள் வேலை. எழுத்து வேலைக்கு 5 நாள் போய்விடும். மீதி 20 நாளும் தினம் 3 வீடு ஏறி இறங்கினால், மாதம் ஒரு முறை எல்லோரையும் பார்க்கலாம்.

கணக்கு சரிதான். ஆனால், எல்லா வீடும் ஒன்றா?

ஒரு வீட்டில் அட்டையைப் புதுப்பித்தால் போதும். அடுத்த வீட்டில் சிறுவனுக்கு இரவெல்லாம் வலிப்பு. தாய் தூங்கி நாளாகிறது. மூன்றாவது வீட்டில் மகனுக்கு வயது 30, தாய்க்கு 70. "எனக்குப் பிறகு இவன் கதி என்ன?" என்று அவள் அழுகிறாள். இதற்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியுமா?

மூச்சுவிட நேரம் இல்லாத பணியாளர், பேச்சைக் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார். சில மாதத்தில் வேலையையே விட்டுவிடுவார். புதியவர் வருவார். தாய் தன் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். பிள்ளையோ புது முகத்தைக் கண்டு மிரளும்.

நேரத்தை எண்ணுங்கள்

ஆகவே, தலையை எண்ணி வேலை கொடுப்பது தவறு. தேவையை எண்ண வேண்டும். வாரம் ஒரு முறை பார்க்க வேண்டிய வீடு எது, மாதம் ஒரு முறை போதும் என்ற வீடு எது, 3 மாதத்துக்கு ஒரு முறை போதும் என்ற வீடு எது என்று பிரிக்க வேண்டும். வாரந்தோறும் பார்க்க வேண்டிய வீடு 10 இருந்தாலே, மாதம் 40 தடவை போக வேண்டும். அப்படிப்பட்டவரிடம் 60 குடும்பங்களைக் கட்டுவது நியாயமா?

"ஆள் இல்லை, பணம் இல்லை" என்பார்கள். எழுத்து வேலையையாவது வேறொருவரிடம் கொடுக்கலாமே! 5 நாள் மிஞ்சும். இன்னும் 15 முறை வீடுகளுக்குப் போகலாம்.

70 வயதுத் தாய் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவருக்கு, அவள் அருகே உட்கார்ந்து பேச நேரம் கொடுங்கள்.