வர்த்தமானிக்குத் தெரியாத மண்

திருகோணமலையில் வரைபடத்துக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்தின் ஆழத்தைப் பிரித்தானியக் கடற்படை பாகம் பாகமாக அளந்து தாளில் ஏற்றியது. சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் 99க்கும் வரைபடம் உண்டு. உயர் பாதுகாப்பு வலயத்துக்கு உண்டு. தொல்லியல் ஒதுக்கங்களுக்கு உண்டு. துறைமுக அதிகாரசபைக் காணிக்கும் உண்டு. இக்காணியில் ஒரு மீற்றர் ஆழம்வரை என்ன மண் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நாடு முழுவதையும் ஒரே தாளில் அடக்கிய மண் வரைபடத்தை எடுத்து நீட்டுவார்கள்.

அந்த வரைபடத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மூர்மனும் பனாபொக்கேயும் 1961இல் இலங்கை மண்ணை வகைப்படுத்தியது பெரும்பணி. 1972இல் டி அல்விஸும் பனாபொக்கேயும் அதை விரித்தனர். ஆனால் அளவுத்திட்டம் என்று ஒன்றிருக்கிறதே! ஐந்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில் வரைந்தால், தாளில் ஒரு சதுர மில்லிமீற்றர் தரையில் 25 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 62 ஏக்கர். ஒரு சிறுகுளமும் அதன் வயலும் பென்சில் முனைக்குள் மறைந்துவிடும்.

எமது உலர்வலய மண்ணோ சில நூறு மீற்றருக்குள் மாறிவிடுவது. மேட்டில் செங்கபில மண். காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் ஏரில் ஒட்டும், உழுவதற்குத் தோதான பதம் சில நாட்களே நிற்கும். அதன் அடியில் பருக்கைக்கற் படை. சரிவில் இறங்க இறங்க வடிகால் குறைந்து நிறம் மங்கும். பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் நீர் தேங்கும் களி. நெல்லுக்கு ஏற்றது அதுதான். குளம், வயல், சேனை, குடியிருப்பு என்ற ஒழுங்கை எம் முன்னோர் இந்தச் சரிவைப் பார்த்தே அமைத்தார்கள். இதற்குப் புறம்பாகக் கொட்டியாரக் குடாவில் மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டல் இருக்கிறது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம் விளையும் கரையோர மணல் இருக்கிறது. இத்தனையையும் கந்தோரில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: அரச காணி.

சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஏப்ரலில் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் அவர்களுடைய நிலம் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு அதே பகுதி நிலக்கரி அனல் மின் நிலையத்துக்கு என்றார்கள். கைத்தொழில் வலயத்துக்கு என்றும் சொன்னார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஒரு பகுதி உரியவர்களிடம் திரும்பியது. நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் சூரிய மின் திட்டத்துக்கு அங்கே தொடக்க விழா நடந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரே மண்ணுக்கு எத்தனை பெயர்! இடத்தை முதலில் தெரிந்துவிட்டு, சுற்றாடல் மதிப்பீட்டைப் பின்னர் செய்வது இங்கே வழமை. அந்த மதிப்பீட்டில் மண் என்பது ஓர் அத்தியாயம், அவ்வளவே.

அதே ஆண்டில் முத்துநகர் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். துறைமுக அதிகாரசபைக் காணி என்பது அரச தரப்பின் வாதம். தலைமுறையாக நெல் விளைந்த வயல் என்பது அவர்களின் வாதம். உறுதிப்பத்திரம் யாரிடம் என்பதிலேயே விவாதம் முழுவதும் சுழன்றது. சூரிய மின்தகட்டுக்கு நீர் தேங்கும் களி தேவையில்லை; பருக்கைக்கல் மேடு போதும். மேடு எது, வயல் எது என்று பிரித்துக் காட்டும் வரைபடம் மேசையில் இருந்திருந்தால், வயலைத்தான் எடுப்போம் என்பதற்கு அதிகாரிகள் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். காரணம் சொல்ல விரும்பாதவர்களுக்கு வரைபடம் இல்லாதிருப்பது வசதி.

இங்கே தமிழ், முஸ்லிம் வாசகர்கள் என்னை மறிப்பார்கள். அளவைக்காரன் வந்தால் பின்னாலேயே எல்லைக்கல் வரும் என்பது கிழக்கின் அனுபவம். கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. அச்சம் நியாயமானதே. ஆனால் அளக்காமல் விட்டதால் காணி பிழைத்ததா? வெறும் தரிசு என்று எழுதி எடுத்துக்கொள்வதற்கு அது இன்னும் எளிதாயிற்று.

ஆகவே நான் கேட்பது பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவிலான விரிவான மண் அளவை. அதில் ஓர் ஏக்கர் 0.4 சதுர சென்ரிமீற்றராகக் கண்ணுக்குத் தெரியும். குழி வெட்டும்போது வயற்காரர் அருகில் நிற்க வேண்டும். அவர் அந்த மண்ணுக்கு வைத்திருக்கும் பெயர் வரைபடத்தில் ஏற வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுப் பிரதேச செயலகச் சுவரில் தொங்கவிட வேண்டும். அது தொங்கும்வரை ஒரு குத்தகையிலும் கையொப்பம் இடக்கூடாது.

முத்துநகரிலேயே தொடங்கலாம். பெரும்போக மழை ஓய்ந்ததும் தொடங்குவது நல்லது. காய்ந்த செங்கபில மண்ணில் கைத்துளைகருவி இலேசில் இறங்காது.