நாற்பத்தெட்டு கிலோவில் எதைச் சுருக்க?

"மக்கா, வயித்தைச் சுருக்கி வச்சா கால் எரிச்சல் நிக்குமாம்லா?"

சித்தி கேட்டாள். போன ஆவணி ஞாயிறு நாகராஜா கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடந்தவள். பாதத்தில் கொப்புளம் கிளம்பியதே சாயங்காலம் கால் கழுவும்போதுதான் தெரிந்தது. இருபது வருஷச் சர்க்கரை. எடை நாற்பத்தெட்டு கிலோ.

எடைக்குறைப்பு அறுவையை நான் பழிக்கவில்லை. இரைப்பையைக் குடலோடு மாற்றி இணைப்பது நம்மூருக்குப் புதிதும் அல்ல. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் குடல்புண்ணால் துடித்த ஏழைகளுக்கு இதன் முந்தைய வடிவம் ஒன்றைத்தான் செய்தார். வயிற்றில் இப்படிக் கத்தி வைத்தால் சர்க்கரை இறங்குவதை 1950களிலேயே வைத்தியர்கள் எழுதிவிட்டார்கள். அது உண்மை. என் சண்டை அதற்கு அடுத்த வரியோடு: 'நரம்பும் குணமாகும்.'

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் நிறை எண் 35ஐத் தாண்டியவர்கள். இரண்டு வருஷம் முழுதாகத் தொடர்ந்தவர்கள் 79 பேர். தொடைத் தோலில் நரம்பிழைகள் கூடியிருந்தன. கீழ்க்காலில், அதாவது நோய் முதலில் தின்னும் பக்கத்தில், கூடவில்லை, குறையவும் இல்லை. குறைந்துகொண்டே போகிற ஒன்று நின்றதே பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அறுவை செய்யாத குழு அதில் இல்லை. 'நிற்கலாம்' வேறு, 'குணமாகும்' வேறு. 2022 வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு வரம்பை 27.5 என்று இறக்கியது. சித்திக்கு அதுவும் எட்டாது.

இன்னொன்றை விளம்பரக்காரர்கள் வாயே திறப்பதில்லை. அறுவைக்குப் பிறகு பி12, தயமின் சரியாகச் சேராவிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் விழுங்கினாலும் பி12 இறங்கலாம். சித்தி விழுங்குகிறாள், அந்தச் சோதனையை யாரும் எழுதித் தரவில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு "தெரியுதா?" என்று கேட்க இரண்டு நிமிஷம் போதும். இருபது வருஷத்தில் ஒரு டாக்டரும் அவளைச் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. இழைக்கு வக்கில்லாத இடத்தில் லட்சங்களில் கத்தி விற்கிறார்கள், தவணை வசதியோடு.

பி12 பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த ஆவணிக்கும் கோயிலுக்குப் போவாளாம். தடியாக ஒரு சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க சித்தி என்றேன்.

"சாமி சன்னதியிலயா?" என்று முறைத்தாள்.