ஒரு ராக் பாடகரின் வரலாற்றை எங்கிருந்து எழுதுவது?

இந்திய ராக் பாடகர் ஒருவரைப் பற்றி வெளிவரும் செய்திகளுக்கும் நினைவுக் கட்டுரைகளுக்கும் ஒரு வார்ப்பு உண்டு. கல்லூரி விழாவில் தொடக்கம், முதல் இசைத்தொகுப்பு, புகழ்பெற்ற வெளிநாட்டுக் குழுவுக்கு முன்னதாக வாசித்த மாலை, சில உறுப்பினர்களின் விலகல், இறுதியில் 'இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் தளராமல் நிற்கிறார்' என்றொரு பாராட்டு. பெயரையும் ஆண்டையும் மாற்றிவிட்டால் ஒரு கட்டுரை இன்னொருவருக்கும் பொருந்திவிடும். பெங்களூருவின் ப்ரூஸ் லீ மணியைப் பற்றி எழுதப்படுபவற்றுள் பலவும் இந்த வார்ப்பிலிருந்து அதிகம் விலகுவதில்லை. அவற்றில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஒரு கலைஞரின் முப்பதாண்டு உழைப்பை ஏணிப்படிகளாக மட்டும் காட்டும் கட்டுரை, அந்த ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருந்த சுவரைக் காட்டுவதில்லை. அந்தச் சுவர் பெங்களூரு நகரம். அதைக் காட்ட வேண்டிய கடமை ஆய்வுலகத்துக்கு, குறிப்பாகத் தமிழ் ஆய்வுலகத்துக்கு, உண்டு.

முதலில் அறிந்த செய்திகள். 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' என்னும் குழு 1996இல் பெங்களூருவில் உருவானது. உறுப்பினர்களின் மலையாள வேர்களை வைத்துச் செய்த சொல்விளையாட்டே அப்பெயர். பாடல் எழுதுபவராகவும் பாடகராகவும் கிதார்க் கலைஞராகவும் மணி அதன் முகமானார். முரசுக் கலைஞர் ராஜீவ் ராஜகோபால் தொடக்கம் முதல் உடனிருப்பவர். மற்ற இடங்களில் ஆட்கள் மாறியிருக்கிறார்கள். 2000இல் முதல் தொகுப்பு வந்தது. தொடர்ந்து 'ஜூபிடர் கஃபே' (2002), 'பிளான் பி' (2005), 'திஸ் இஸ் இட்' (2008), ஆட்டோரிக்ஷாவை உருவகமாகக் கொண்டு மூன்று வட்டுகளாக வெளியான 'த்ரீ வீல்ஸ் நைன் லைவ்ஸ்' (2012), 'தி சீன்' (2015), 'எ வேர்ல்ட் கான் மேட்' (2020) ஆகியவை வந்தன. டீப் பர்ப்பிள், ஜெத்ரோ டல் ஆகிய பிரித்தானியக் குழுக்களின் இந்திய நிகழ்ச்சிகளில் இக்குழு முன்வாசிப்பு நிகழ்த்தியது. ஜாஸ், ஃபங்க், ப்ளூஸ் ஆகியவை கலந்த தம் இசைக்கு அவர்களே இட்ட பெயர் 'பெங்களூர் ராக்'.

நினைவுக் கட்டுரைகள் இந்தப் பெயரை ஓர் அழகிய அடைமொழியாகக் கடந்து போகின்றன. உண்மையில் அது ஒரு கருதுகோள். ஓர் இசை, அது பிறந்த நகரத்தின் சாலைகளாலும் சட்டங்களாலும் வேலைச் சந்தையாலும் வடிவம் பெறுகிறது என்பது அதன் உட்பொருள். அதைச் சோதித்துப் பார்க்க மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அந்த முதல் தொகுப்பின் தலைப்பு. அது குழுவின் இணைய முகவரியேதான். 'டாட் காம்' உட்பட. தகவல் தொழில்நுட்ப அலை இந்நகரத்தை மாற்றிக்கொண்டிருந்த 2000ஆம் ஆண்டில், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் கவனம் திரையிசையின் மீதே குவிந்திருந்தபோது, ஆங்கிலத்தில் சொந்தப் பாடல் எழுதும் ஒரு குழு தன் முகவரியையே தொகுப்பின் பெயராக்கியது. கேட்போரை நேரே சென்றடைய இணையம் போதும் என்ற அன்றைய நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை எங்கே போய் முடிந்தது என்பதும் தெரிந்ததே. உலகெங்கும் சுயாதீனக் கலைஞர்கள் தம் பாடல்களை ஏற்றிவைத்திருந்த மைஸ்பேஸ் தளம், 2003 முதல் 2015 வரை பதிவேற்றப்பட்ட இசைக் கோப்புகள் வழங்கி மாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. ஒரு தலைமுறையின் முதல் முயற்சிகள் ஒரே தவறில் மறைந்தன. ஓலைச்சுவடியைக் கரையான் அரித்த கதையைச் சொல்லி வருந்தும் நாம், நம் காலத்துக் கரையானை இன்னும் அடையாளம் காணவில்லை.

இரண்டாவது, சட்டம். நினைவுக் கட்டுரைகள் மிகக் குறைவாகப் பேசும் இடமும், ஆய்வுக்கு மிக வளமான இடமும் இதுவே. பெங்களூருவின் அலுவல் மொழியில் 'லைவ் பேண்ட்' என்பது நெடுங்காலமாக ராக் குழுவைக் குறிக்கவில்லை. பெண்கள் பாடியும் ஆடியும் வாடிக்கையாளரை மகிழ்விக்கும் மதுக்கூடங்களையே குறித்தது. அவற்றைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் 2005இல் பெங்களூரு நகரப் பொதுக் கேளிக்கை இடங்களுக்கான உரிமம் மற்றும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பல ஆண்டு வழக்குக்குப் பின் 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. அடுத்த சில மாதங்களில் காவல்துறையின் பார்வை உணவகங்கள், பப்கள் ஆகியவற்றின் பக்கமும் திரும்பியது. உரிமம் பெறக் குடியேற்றச் சான்றிதழும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். நகரின் பல கட்டடங்களுக்கு அவை இல்லை. ஆகவே பல மேடைகள் ஓசையின்றி மூடப்பட்டன. வார இறுதிகளில் வாசித்துப் பிழைத்த கலைஞர்களுக்கு, மேடை என்பது திறமையால் கிடைப்பது என்ற எண்ணம் போய், கட்டட உரிமையாளரின் கோப்பில் கிடப்பது என்ற அறிவு வந்தது.

இந்த வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. ராக் ரசிகர்கள் 'எங்கள் இசையையும் அந்த மதுக்கூடங்களையும் ஒன்றாக்கலாமா' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலேயே ஒரு வர்க்கக் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. ஆணையின் முதல் அடி விழுந்தது அந்த மதுக்கூடங்களில் பாடிய, ஆடிய பெண்களின் பிழைப்பின்மீது. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் நினைவுக் கட்டுரை எழுதுவார் யாருமில்லை. ஒரே ஆணையின் கீழ் ஒருவர் 'கலைஞர்' என்றும் இன்னொருவர் 'ஒழுங்குச் சிக்கல்' என்றும் பிரிக்கப்பட்டது எப்படி? ராக் பாடகரின் வாழ்க்கைப் பயணத்தைக் கூர்ந்து படிப்பவருக்கே இக்கேள்வி எழும். பயணத்தை வெற்றிப் பட்டியலாகப் படிப்பவருக்கு எழாது.

மூன்றாவது, கற்பித்தல். மணியும் ராஜகோபாலும் 'டாக்காடமி' என்ற இசைப்பள்ளியைத் தொடங்கினார்கள். கட்டுரைகள் இதைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் முடிக்கின்றன. ஓய்வுக்காலத் துணைத்தொழில் போல. ஆனால் மேடை நிலையற்றுப்போன நகரத்தில் வகுப்பறையே நிலையான வருவாய். கர்நாடக இசையில் குருவின் வீடு ஆற்றிய பணியை ஆராய நம்மிடம் நூல்கள் உள்ளன. தேவாலய இசைக்குழு, கல்லூரி விடுதி, இசைக்கருவிக் கடை, இன்று கட்டண வகுப்பு என்று மேலை இசை இந்நகரத்தில் கைமாறிய வழியை ஆராய நம்மிடம் என்ன இருக்கிறது? மாணவர் ஒருவருக்கு அவர் கற்பிக்கும் விரல் நிலை, அவர் பாடிய பாடலைவிட நீண்டு வாழக்கூடும். பாடத்திட்டமும் ஓர் இசைத்தொகுப்புதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஆங்கிலத்தில் பாடும் பெங்களூரு ராக்குக்கும் தமிழ் ஆய்வுக்கும் என்ன தொடர்பு? இதற்கு விடை தேட லிங்கராஜபுரத்துக்கு வர வேண்டும்.

1809இல் ஆங்கிலேயர் பெங்களூருவில் இராணுவக் குடியிருப்பை நிறுவியபோது, சென்னை மாகாணத்திலிருந்து படையுடன் வந்தவர்களில் தமிழ் பேசுவோர் ஏராளம். சிப்பாய்களுடன் கொத்தனார், சமையற்காரர், வணிகர், எழுத்தர் என்று ஒரு சமூகமே குடியேறியது. 1898இன் கொள்ளை நோய்க்குப் பின் கண்டோன்மென்ட்டின் வடகிழக்கில் ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் முதலிய விரிவாக்கங்கள் எழுந்தன. அவற்றை ஒட்டியது லிங்கராஜபுரம். செயின்ட் தாமஸ் டவுன், ஆயில் மில் சாலை, ஹென்னூர் சாலை என்று பெயர்களே அடுக்கடுக்கான வரலாறு பேசும் பகுதி இது. தமிழ், கன்னடம், மலையாளம், தெலுங்கு, தக்காணி உருது, ஆங்கிலம் ஆகியவை ஒரே தெருவில் புழங்குகின்றன. கோயில் ஒலிபெருக்கியில் தமிழ்ப் பக்திப்பாடலும் தேவாலயத்தில் ஆங்கிலக் கீர்த்தனையும் அடுத்தடுத்துக் கேட்டு வளரும் பிள்ளைக்குக் கிதார் அயல்நாட்டுப் பொருள் அன்று. ஆங்கிலப் பாட்டு மேட்டிமையின் அடையாளம் மட்டும் அன்று. சில வீடுகளில் அது பாட்டியின் பாட்டு.

இப்பகுதிக்கு அருகிலேயே இந்திய ராக் வரலாற்றின் மறந்துபோன ஒரு முனை உள்ளது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் நாட்டின் ராக் குழுக்களை ஒன்றுதிரட்டிய 'சிம்லா பீட்' போட்டியை நடத்தியது ஒரு சிகரெட் நிறுவனம், இன்றைய ஐ.டி.சி. போட்டியின் பெயரே அதன் சிகரெட் வகையின் பெயர். அந்நிறுவனத்தின் பழைய பெங்களூரு ஆலை நின்றது குக் டவுனை ஒட்டிய பகுதியில். இன்று அவ்வளாகத்தில் தகவல் தொழில்நுட்ப அலுவலகம் இயங்குகிறது. 1970, 1971 ஆண்டுகளில் வந்த இரண்டு சிம்லா பீட் இசைத்தட்டுகளையும் பின்னாளில் தேடிப்பிடித்து மறுபதிப்பிட்டவர்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள். ஆலை நம்முடையது, தொழிலாளர் நம்மவர், வாசித்தவர் நம்மவர். ஆவணம் மட்டும் அயலாருடையது. இதே கதை 1996க்குப் பிந்தைய தலைமுறைக்கும் நேரும் என்பதற்கான அறிகுறிகளே மேலே சொன்னவை.

பெங்களூருத் தமிழர் வரலாறு பெரும்பாலும் மோதல்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1991இன் காவிரிக் கலவரம், அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, 2016இல் மீண்டும் எரிந்த வண்டிகள். இவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் காயங்களை மட்டும் பதிவுசெய்யும் சமூகம், தான் எப்படி வாழ்ந்தது என்பதை மறந்துவிடும். அண்டை வீட்டு மலையாளியுடனும் கன்னடியருடனும் ஆங்கிலோ இந்தியருடனும் ஒரே அறையில் பயிற்சி செய்து, ஒரே ஒலிபெருக்கியைப் பகிர்ந்துகொண்ட மாலைகளும் வரலாறே. மலையாளப் பெயர் விளையாட்டோடு தொடங்கி, ஆங்கிலத்தில் பாடி, பெங்களூரைத் தன் இசைக்குப் பெயராக இட்ட ஒரு குழுவை எந்த மொழித்துறையும் தனதென்று கருதாது. எவருக்கும் உரியதன்று என்பதாலேயே எவரும் காக்காமல் அது அழியும்.

மறுப்பும் உண்டு, அது வலுவானது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சாதி குறித்து நேரடியாகப் பேசியது. கானாவையும் ராக்கையும் ராப்பையும் இணைத்தது. ஆய்வுலகின் கவனத்தை உரிமையோடு பெற்றது. பப்பில் பாடும் நடுத்தர வர்க்க ஆங்கில இசைக்கு அத்தகைய அவசரம் ஏது என்று கேட்கலாம். உண்மைதான், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தேர்தலை ஒட்டி வாக்களிக்கத் தூண்டும் 'ஷட் அப் அண்ட் வோட்' இயக்கத்தை மணியின் குழு நடத்தியதும், 2020ஆம் ஆண்டுத் தொகுப்பில் உலகின் வெறிபிடித்த போக்கைப் பேசியதும் அந்த வேறுபாட்டை அழித்துவிடா. ஆனால் ஆய்வு என்பது பாராட்டுப் பத்திரம் அன்று. யாருக்குப் பயிற்சி அறை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, எந்தச் சாதியினர் வீட்டில் பியானோ இருந்தது, எந்தத் தெருப் பிள்ளை தேவாலயத்தில் மட்டுமே கிதாரைத் தொட முடிந்தது என்று கேட்க வேண்டுமானால் அதற்குரிய தரவு வேண்டும். நடுத்தர வர்க்கக் கலையை ஆராயாமல் விடுவது அதை எதிர்ப்பதாகாது; அதன் சலுகைகளைக் கேள்விக்கு அப்பால் வைப்பதாகும்.

செய்ய வேண்டியது பெரிய நிதி கோரும் செயலன்று. இசைக் கலைஞர்கள் பலர் இன்னும் இந்நகரத்தில் வாழ்கிறார்கள். நிகழ்ச்சி அறிவிப்புத் தாள்கள், நுழைவுச் சீட்டுகள், கையால் எழுதிய பாடல் வரிசைகள், ஒலிநாடாக்கள், உரிம விண்ணப்பங்கள் ஆகியவை பழைய பெட்டிகளில் கிடக்கின்றன. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். இன்னொருவர் மூடப்பட்ட மேடைகளின் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாமவர் 2005ஆம் ஆண்டு ஆணையின் கீழ் வேலை இழந்த பெண்களைத் தேடிச் செல்லலாம். மூவரின் குறிப்புகளும் ஒன்றுசேரும்போதுதான் 'பெங்களூர் ராக்' என்ற சொல்லுக்குப் பொருள் முழுமைபெறும்.

ப்ரூஸ் லீ மணியின் இசைப் பயணம் குறித்த அடுத்த நினைவுக் கட்டுரையை யார் எழுதுவார் என்பதில் ஐயமில்லை. இதழாளர் ஒருவர் எழுதுவார், நன்றாகவும் எழுதுவார். அதில் டீப் பர்ப்பிள் வரும். அந்த மாலையில் மேடை கட்டியவர், அனுமதிக் கடிதத்துக்கு அலைந்தவர், அடுத்த நாள் காலையில் கிதார் வகுப்புக்கு வந்த சிறுமி ஆகியோர் வரமாட்டார்கள். அவர்களை எழுதும் வேலையைப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளாவிட்டால், அதைச் செய்ய வேறெவரும் இல்லை.