முதலாளி காருக்குப் புது டயர்; தொழிலாளி வேனுக்கு மொட்டை டயர்

திருப்பூரில் பெரிய கார்களுக்குப் பஞ்சமில்லை. எஸ்.யு.வி. என்று சொல்லப்படும் ஜீப் ரகக் கார்கள் அவிநாசி சாலையிலும் காங்கேயம் சாலையிலும் பல்லடம் சாலையிலும் அணிவகுத்துப் போகின்றன. இருபது லட்சம், முப்பது லட்சம், அதற்கு மேலும் கொடுத்து வாங்கியவை. ஆனால் வாங்கிய பலருக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்த மாதத்திலேயே வண்டி அலங்காரக் கடைக்குப் போகிறது. கம்பெனி பூட்டிக் கொடுத்த புத்தம்புதிய நான்கு டயர்களும் கழற்றப்படுகின்றன. அவற்றின் இடத்தில் இன்னும் பெரிய அலாய் சக்கரம், இன்னும் அகலமான டயர். கூரைமேல் ஒரு இரும்புக் கேரியர். அந்தக் கேரியரில் ஒரு பனியன் பண்டலோ ஒரு வெங்காய மூட்டையோ ஏறப் போவதில்லை. டயர் காட்டுக்கும் மலைக்கும் ஏற்றது. ஓடுவதோ பங்களாவிலிருந்து கம்பெனிக்கும் கம்பெனியிலிருந்து பங்களாவுக்கும்தான்.

“அவர் கார், அவர் காசு. தொழிலாளி பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. கார் அவருடையதாக இருக்கலாம்; அது ஓடும் சாலை எல்லோருக்கும் பொது. காசு அவர் கையில் இருக்கலாம். அது யார் உழைப்பிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது என்பது பொது விஷயம். ஆகவே பேசுகிறோம்.

ஒரே சாலை, இரண்டு நீதி

அதே சாலையில் விடியற்காலையில் வேறு வண்டிகளும் வருகின்றன. மூலனூர், குண்டடம், வெள்ளகோவில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வரும் வேன்கள் அவை. பதினைந்து பேர் உட்காரும் இடத்தில் இருபத்தைந்து பேர். டயரைப் பாருங்கள்: பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட மொட்டை டயர். மோட்டார் வாகன விதிப்படி கார், வேன் டயர்களில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. எத்தனை வேன்களில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்?

வெங்காயம் பறிக்கவும் களை எடுக்கவும் போகும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த வேன்கூட இல்லை. சரக்கு ஏற்றும் மினி டெம்போவின் பின்பக்கத்தில் நின்றுகொண்டே போகிறார்கள். மூட்டை போகவேண்டிய இடத்தில் மனிதர் போகிறார்; மூட்டைக்கென்று கட்டிய கேரியரோ முதலாளி கார்மேல் காலியாகப் போகிறது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. உற்பத்தியாளர் அந்த மாடலுக்கென்று குறித்த அளவுக்குள் டயர் மாற்றுவதை யாரும் குற்றம் சொல்லவில்லை. அதைத் தாண்டிப் போவதுதான் குற்றம்.

அதே திருத்தச் சட்டம் அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் வண்டிக்கு என்ன தண்டனை வைத்திருக்கிறது தெரியுமா? அதிகப்படியாக ஏற்றிய ஆள் ஒன்றுக்கு 200 ரூபாய்! வண்டியில் செய்த ஒரு மாற்றத்துக்கு 5,000. வண்டிக்குள் நெருக்கித் திணித்த ஒரு தொழிலாளிக்கு 200. சட்டப் புத்தகத்திலேயே மனிதருக்கு இந்த விலைதான் போட்டிருக்கிறார்கள்.

பெரிய டயரால் யாருக்கு ஆபத்து?

டயரின் பக்கவாட்டில் ஒரு கணக்கு எழுதியிருக்கும். 265/60 ஆர் 18 என்று இருந்தால், டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். பக்க உயரம் அதில் 60 விழுக்காடு, அதாவது 159 மில்லிமீட்டர். உள்ளே உள்ள சக்கரம் 18 அங்குலம். மொத்தம் கூட்டினால் டயரின் உயரம் 775 மில்லிமீட்டர் வரும். இதைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் மாட்டினால் உயரம் 838 ஆகிவிடும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி முன்பைவிட எட்டு விழுக்காடு அதிக தூரம் போகும். ஸ்பீடாமீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. எனவே அது 80 என்று காட்டும்போது வண்டி 86க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

இது மட்டுமல்ல. சக்கரம் பெரிதாகிக் கனம் கூடினால் அதை நிறுத்தப் பிரேக்கும் அதிகம் உழைக்க வேண்டும். பிரேக்கோ பழைய அளவுக்குச் செய்தது. கூரைமேல் இரும்பும் அதன்மேல் சாமானும் ஏற்றினால் வண்டியின் கனம் மேலே ஏறும். திருப்பத்தில் சாயும் ஆபத்து கூடும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஓரமாகப் போகும் சைக்கிள்காரன்மேல் கல்லும் சேறும் வாரி அடிக்கும். காரின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக் கம்பி நடந்து போகிறவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து என்பதால் அதை ஒழிக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு எழுதியது.

இரவு எட்டரை மணிக்கு, ஒன்றரை ஷிப்ட் முடிந்து, தூக்குப்போசியைச் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர் யார்? நாம்தான். முதலாளியைச் சுற்றி இரும்புக் கூடும் காற்றுப் பையும் இருக்கின்றன. நமக்கு என்ன இருக்கிறது?

அந்தக் காரை ஓட்டுகிறவரும் பல வீடுகளில் ஒரு தொழிலாளிதான். “பெரிய டயர் போடு” என்றவர் முதலாளி. மோதினால் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவர் டிரைவர். வேடிக்கையைப் பாருங்கள். பல இடங்களில் கார் இருப்பது கம்பெனிக் கணக்கில். அதை ஓட்டும் டிரைவர் மட்டும் வீட்டு ஆள்! கம்பெனி வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. இ.எஸ்.ஐ. இல்லை, பி.எப். இல்லை, எட்டு மணி நேரம் என்ற பேச்சே இல்லை. பஸ், லாரி டிரைவருக்காவது 2025 வரை 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருந்தது. தனியார் கார் டிரைவருக்கு நாதியில்லை.

கணக்கைத் திறந்து பார்ப்போம்

ஒரு டயர் பதினைந்தாயிரம் ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கு அறுபதாயிரம். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, முழுக் கூலியும் கைக்கு வந்தால் 33,600. அப்படியானால் நான்கு டயரின் விலை, ஒரு விவசாயத் தொழிலாளி குடும்பத்துக்கு ஏறத்தாழ இரண்டு வருஷத்து நூறு நாள் வேலை! அலாய் சக்கரமும் கேரியரும் தனி.

இந்தக் கார் கம்பெனி பெயரில் வாங்கப்பட்டால் கதை இன்னும் சுவையானது. அதன் டயரும் பெட்ரோலும் இன்சூரன்சும் கம்பெனிச் செலவாகிவிடும். போதாதற்கு, கார் தேய்கிறது என்று சொல்லி ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் கழித்துக்கொள்ளவும் வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. கார் தேய்வதற்குக் கழிவு உண்டு. பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து குனிந்து தேய்ந்த முதுகெலும்புக்கு எந்தச் சட்டம் தேய்மானம் தருகிறது?

இந்தக் கணக்கு நமக்கு ஏன் முக்கியம்? கூலி ஒப்பந்தம் பேசும் ஒவ்வொரு முறையும் முதலாளிமார் சங்கங்கள் “தாங்காது, தாங்காது” என்றுதான் பாட்டை ஆரம்பிக்கின்றன. நூல் விலை என்பார்கள், மின்சாரம் என்பார்கள், வெளிநாட்டுப் போட்டி என்பார்கள். 2021இல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுக்குமாகச் சேர்த்து 32 விழுக்காடு உயர்வு கிடைத்தது. முதல் ஆண்டில் 19. பிறகு 5, 4, 4. இதுவும் காண்ட்ராக்டிலும் பீஸ் ரேட்டிலும் இருக்கும் எத்தனையோ தொழிலாளர் கைக்கு வந்து சேரவில்லை. காரின் அலங்காரமும் செலவு. நம் கூலியும் செலவு. இரண்டும் ஒரே பேரேட்டில் இருக்கும்போது ஒன்று மட்டும் எப்படித் தாங்காத செலவாகிறது?

நெருக்கடி வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2024-25இல் திருப்பூர் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்குத் தீர்வையை 50 விழுக்காடாக ஏற்றியது. ஆர்டர் நின்றது, ஷிப்ட் குறைந்தது. அடி முதலில் விழுந்தது யார் வயிற்றில்? தொழிலாளி வயிற்றில். அந்த நேரத்தில் டெல்லி சர்க்கார் என்ன செய்தது? ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 22ஆம் தேதி பெரிய கார்மீதான மொத்த வரி 50 விழுக்காட்டிலிருந்து 40க்கு இறங்கியது. டயர் வரி 28லிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 25 லட்ச ரூபாய் விலையுள்ள காரில் மட்டும் இரண்டரை லட்சம் மிச்சம்! சிறிய மோட்டார் சைக்கிளுக்கும் 2,500 ரூபாய் வரையிலான துணிக்கும் வரி குறைத்தார்கள், அதை வரவேற்கிறோம். ஆனால் வேலை இழந்த டெய்லருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் அந்த இரண்டரை லட்சத்தில் எவ்வளவு வந்தது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்து, கடனில் ஒரு வண்டி ஓட்டும் சிறு உடைமையாளரை நாம் எதிரியாகப் பார்க்கவில்லை. பெரிய ஏற்றுமதியாளர் பில்லை இழுத்தடிக்கும்போது அவரும் நம்மைப்போலவே தவிக்கிறார். நாம் சொல்வது மேலே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி.

காரைச் செய்ததும் நம்மவர்தான்

பெரிய காரைப் பார்த்து நம் வாலிபர்கள் பிரமிக்கிறார்கள். தன் மோட்டார் சைக்கிளுக்காவது அலாய் சக்கரம் மாட்டத் தவணை வாங்கும் தோழர்களும் உண்டு. அவர்களை நாம் பரிகசிக்க மாட்டோம். நல்ல பொருள்மேல் ஆசைப்படுவது குற்றமல்ல. உலகத்துக்கே நல்ல உடை தைத்துக் கொடுப்பவனுக்கு நல்ல வண்டிமேல் ஆசை வரக்கூடாதா? ஆனால் வட்டிக்கு வாங்கிய பளபளப்பு ஓவர்டைமுக்கு நம்மைக் கட்டிப்போடும் சங்கிலி என்பதை மறக்கக் கூடாது.

அந்தக் காருக்கு ரப்பர் பால் எடுத்தது கன்யாகுமரி, கேரள மலைகளில் விடியுமுன் மரம் வெட்டும் தொழிலாளி. டயரைச் செய்தது திருவொற்றியூரிலும் அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் வெக்கையில் நிற்கும் தொழிலாளி. காரைப் பூட்டியது அசெம்பிளி லைனில் நொடிக் கணக்கில் ஓடும் தொழிலாளி. கர்நாடகத்தில் பிடதி டொயோட்டா ஆலையில் வேலைப்பளுவைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிலாளர்கள் 2020 நவம்பரில் போராடியபோது கிடைத்த பரிசு கதவடைப்பு. அந்தத் தகராறு 2021 மார்ச் வரை நீடித்தது. பங்களா வாசலில் மினுமினுக்கும் சக்கரத்தில் நம் வர்க்கத்தின் வியர்வைதான் மினுமினுக்கிறது.

என்ன செய்யவேண்டும்?

திருப்பூர் தொழிலாளிக்குப் போராட்டம் புதிதல்ல. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அதற்குப் பிறகு வேலையைச் சிறுசிறு யூனிட்டுகளாகவும் காண்ட்ராக்டாகவும் சிதறடித்தார்கள். சிதறிக் கிடக்கும் நம்மைத் தினமும் ஒன்றாகச் சேர்க்கும் இடம் அந்த வேன். அங்கிருந்தே ஆரம்பிப்போம். நமது கோரிக்கைகள்:

1. தொழிலாளர் வேன்களின் டயர், பிரேக், ஆள் கணக்கு ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் ஷிப்ட் நேரத்தில் ஆலை வாசலுக்கே வந்து சோதிக்கவேண்டும். தவறுக்குப் பொறுப்பு வேன் டிரைவர் மட்டுமல்ல, ஆள் ஏற்றிவரச் சொன்ன நிர்வாகமும்தான்.

2. விவசாயத் தொழிலாளரைச் சரக்கு வண்டியில் ஏற்றுவது நிற்கவேண்டும். வெறும் தடை போட்டால் வேலைதான் போகும். கிராமத்துக்கு விடியற்காலை பஸ் விடவேண்டும்.

3. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்லது. இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ்ஸே இல்லையென்றால் இலவசம் எதற்கு? ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப பஸ் ஓடவேண்டும்.

4. சட்டத்தை மீறி மாற்றிய கார்கள்மீது ஆள் பார்க்காமல் நடவடிக்கை வேண்டும். டிரைவரை மாட்டிவிட்டு உரிமையாளரைத் தப்பவிடக் கூடாது.

5. கம்பெனிக் கார் ஓட்டும் டிரைவர் கம்பெனித் தொழிலாளியே. அவருக்கு இ.எஸ்.ஐ., பி.எப்., வேலை நேர வரம்பு வேண்டும்.

6. கூலிப் பேச்சில் “தாங்காது” என்று சொல்லும் நிர்வாகம் தன் வரவு செலவுக் கணக்கை, கார்ச் செலவு உள்பட, மேஜைமேல் வைக்கவேண்டும்.

இவற்றில் ஒன்றுகூடப் பேராசையில்லை. பெரிய டயர் வாங்க வசதியுள்ள தொழிலுக்கு வேனுக்கு நல்ல டயர் வாங்கவும் வசதி உண்டு. கேட்காதவரை அது கிடைக்காது. தனித்தனியாகக் கேட்டாலும் கிடைக்காது. பனியன் தொழிலாளியும் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் டிரைவரும் ஒரே சங்கக் குரலில் கேட்கவேண்டும். வேலைக்குப் போனவர் முழு உடம்போடு வீடு திரும்பும் உரிமை எந்த முதலாளியும் போடும் பிச்சையல்ல. அதைப் பெற்றே தீருவோம்!