பழைய சத்தத்துக்குப் பழைய கீபோர்ட் எதுக்கு?

“ஒறிஜினல் சத்தம் வேணுமெண்டா ஒறிஜினல் கீபோர்ட்தான் வாங்கோணும்.” பொடியள் பாட்டுச் செய்ய வெளிக்கிட்டா மூத்த கலைஞர்கள் சிலர் முதல் சொல்லுறது இதைத்தான். 80களின் பொப் பாட்டுகளில் மணிபோல மினுங்குற அந்த எலெக்ட்ரிக் பியானோ சத்தத்தைப் பொறுத்தவரை இது சுத்தப் பொய்.

அந்தச் சத்தத்தைத் தந்த யமஹா டிஎக்ஸ்7 1983இல் வந்தது. அதுக்குள்ள கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை. 6 ஒப்பரேற்றர்கள், ஒன்றின் அலையை மற்றது மாற்றுகிறது. முழுக்கக் கணக்கு. அந்தக் கணக்கை இண்டைக்கு ஒரு சாதாரண லப்டொப்பே செய்யும். ‘டெக்ஸெட்’ என்ற இலவச மென்பொருள் செய்வதும் அதுதான். டிஎக்ஸ்7இன் பழைய ஒலிக் கோப்புகளையும் அதில் ஏற்றலாம்.

பழைய கருவியின் வெளியீட்டில் ஒரு சொரசொரப்பு இருக்கு, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ட்ரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவில அதை ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?

கையில கொஞ்சக் காசு இருந்தா, அழுத்துற வேகத்தை உணரும் மிடி கீபோர்ட் ஒண்டு வாங்குங்கோ. செக்கண்ட் ஹாண்ட் போதும். டிஎக்ஸ்7இல் பலமா அடிச்சா சத்தம் கூடுறது மட்டுமில்லை, அதின்ர நிறமும் கூர்மையாகும். உயிர் அங்கதான் இருக்கு.

பழைய கருவிகளைச் சேர்க்கிற அண்ணாமார் தாராளமாச் சேர்க்கட்டும். அதை இசைக்கான நுழைவுக் கட்டணமாக மட்டும் ஆக்கவேண்டாம்.