தீபாவளியில் அவளுக்கும் ஒரு விடுமுறை



தீபாவளி நெருங்கிவிட்டால் நம் சங்கத்தில் வேலைப் பங்கீடு நடக்கும். அபிஷேகத்திற்குப் பால் யார் பொறுப்பு, மாலை யார் பொறுப்பு, பந்தி பரிமாறுவது யார் என்று எழுதி ஒட்டுவோம். முப்பது வருஷமாகப் பந்தியில் என் பெயர் இருந்தது. அதைப் பெருமையாகவே எண்ணினேன். அதே முப்பது வருஷமும் என் மனைவி விடியுமுன் அடுப்பு மூட்டி, வந்தவர்க்கெல்லாம் பலகாரம் கொடுத்து, இரவு பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தாள். அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

சென்ற தீபாவளிக்கு நம் இளைஞர்கள், "ஐயா, இந்த வருஷம் பந்தியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். முதலில் மனம் சுருங்கியது. வீட்டில் சொன்னேன். "அப்படின்னா என்னைக் காளி கோயில் பக்கம் கூட்டிட்டுப் போங்க" என்றாள் அவள்.

பஸ்ஸில் சூலே பகோடாவில் இறங்கி, அனோரத்தா சாலையில் மேற்கே நடந்தோம். பெரியவர்கள் இதைப் பிரேசர் தெரு என்பார்கள். 1852 யுத்தத்திற்குப் பிறகு நகரைக் கட்டம் கட்டமாக வகுத்த எஞ்சினியரின் பெயர் அது. 1931 கணக்கெடுப்பில் இந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். இன்று அப்படியில்லை. ஆயினும் 1871இல் நம் தமிழர் எழுப்பிய காளியம்மன் கோயில் கோபுரம் அதே இடத்தில் நிற்கிறது. 26ஆம் தெருவில் யூதர்களின் பழைய ஆலயமும், சற்றுத் தள்ளி நம் சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கிய சூலியா பள்ளிவாசலும் இருக்கின்றன.

அம்மனைத் தரிசித்துவிட்டுத் தெருவோரத்தில் தோசை சாப்பிட்டோம். நம் தோசையைப் பர்மியர் "தோஷே" என்று தங்கள் பண்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். பிறகு, இன்று ஷ்வே பொந்தா எனப்படும் மொகல் தெரு முனைக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். "1964இல் கடைகளையெல்லாம் எடுத்துக்கிட்டாங்களே, அப்போ சித்தப்பா குடும்பம் கப்பலுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். எனக்கு எட்டு வயசு. அப்பா மட்டும் போக மாட்டேன்னுட்டார்" என்றாள்.

நாற்பது வருஷம் அவளோடு குடித்தனம் செய்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. கேட்க நேரமில்லை என்று சொல்வது பொய். நான் கேட்கவில்லை.

சிலர் சொல்லலாம்: விலைவாசி இருக்கும் நிலையில் ஊர் சுற்றல் எதற்கு? எங்களுக்கு ஆன செலவு பஸ் கட்டணமும் இரண்டு தோசையும்தான். இருட்டுமுன் வீடு திரும்பிவிட்டோம். கோயில் கைங்கரியத்தை விடலாமா என்று சிலர் கேட்கலாம். விட வேண்டாம். பங்கிட்டுக்கொள்வோம்.

என் யோசனை இதுதான். பந்தி வேலையை இரண்டு முறையாகப் பிரித்து, காலையில் நின்றவரைப் பகலில் விடுவிக்கலாம். பலகாரத்தை இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து முன்னதாகவே செய்து பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு தம்பதியும், முடிந்தால் பேரப்பிள்ளைகளோடு, அரை நாளாவது அந்தத் தெருக்களில் நடக்கட்டும். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரியாது. அதைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். ஆனால் "இந்த முனையில் உன் கொள்ளுத்தாத்தா நின்றார்" என்று சொல்ல ஒரு பாட்டி போதும், அவளை அடுக்களையிலிருந்து நாம் விடுவித்தால்.

தாடிங்யுட் பௌர்ணமியன்று பர்மியப் பிள்ளைகள் விளக்கேற்றிப் பெரியோரை வணங்குகிறார்கள். பெரும்பாலும் அடுத்த அமாவாசையை ஒட்டி நம் தீபாவளி வருகிறது. அரசாங்கமே அன்று விடுமுறை விடுகிறது. அந்த விடுமுறை நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் எட்டட்டும்.

இவ்வருஷப் பட்டியல் எழுதும்போது என் பெயரைக் காலைப் பந்தியில் மட்டும் போடுங்கள். பகலில் எனக்கு வேறு வேலை இருக்கிறது.