ஏரிக்கென ஒரு முதல்

2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டத்தைத் தமிழக அரசு மீண்டும் தொடங்கிவைத்தது. முதல் சுற்றுக்கு 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். ஏரியின் பாசனதாரர் சங்கமே வேலையை எடுத்துச் செய்யும். செலவில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரும். 2019-20இல் ஒதுக்கீடு ஏறத்தாழ 500 கோடியைத் தொட்டது. கரைகள் உயர்ந்தன, மதகுகள் புதிதாயின, வண்டல் வயலுக்குப் போனது. சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே வேலை பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டும் பல ஊர்களிலிருந்து வந்தது. அந்தச் சர்ச்சையில் ஒரு கேள்வி யார் காதிலும் விழவில்லை. வேலை முடிந்து, அளவெடுத்து, கடைசித் தவணையும் வந்த பிறகு அந்தச் சங்கத்தின் கையில் என்ன மிஞ்சியது?

மிஞ்சுவதற்குத் திட்டத்தில் இடமே இல்லை. மதிப்பீட்டில் மண்வேலைக்குத் தொகை உண்டு, கலிங்கு கட்டத் தொகை உண்டு. அடுத்த ஐப்பசி மழையில் கரையில் கசிவு கண்டால் இரவோடு இரவாக நாலு ஆளையும் நாற்பது மணல் மூட்டையையும் இறக்க ஒரு பைசா கிடையாது. அந்த வேளையில் சங்கம் என்பது ஒரு பதிவுப் புத்தகமும் ரப்பர் முத்திரையும் மட்டும்தான்.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறிந்தே இருந்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குடவோலையோடு நின்றுவிடுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்களில் ஓலை இழுக்கும் முறைக்கு நிகரான அக்கறை கணக்கின் மீதும் இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பொன் வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது. முதல் சாசனம் வெட்டிய இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்தி மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள். ஏதோ பிசகு நேர்ந்திருக்க வேண்டும். அதை மூடி மறைக்காமல் திருத்தியிருக்கிறார்கள் என்பதால் அந்தச் சபையின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்த வாரியம் கையாண்ட பணம் எப்படி வந்தது என்பதில்தான் இன்றைக்கான பாடம் இருக்கிறது. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் நெடுகிலும் ஒரே ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் ஊர்ச் சபையிடம் பொன் கொடுக்கிறார். சபை அதை முதலாக வைத்துக்கொண்டு, அதன் பொலிசையிலிருந்து, அதாவது வட்டியிலிருந்து, ஆண்டுதோறும் ஏரியில் குழி குத்தி மண் எடுத்துக் கரையில் இடுவதாக ஒப்புக்கொள்கிறது. அல்லது ஏரிப்பட்டியாக நிலம் விடப்படுகிறது. அதன் விளைச்சல் ஏரிக்கு. அரசர் மட்டும் அல்ல, அதிகாரிகளும் வணிகர்களும் பெண்களும் இப்படிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் மறைந்த பிறகும் சந்திரரும் சூரியரும் உள்ளவரை முதல் அழியாமல் நிற்க வேண்டும் என்பதே ஒப்பந்தம். கொடை ஊருக்கு ஒரு வருமானத்தைத் தந்தது. அந்த வருமானத்தை எங்கே, எந்த மாதத்தில் செலவழிப்பது என்பதை ஏரியைத் தினமும் பார்க்கிறவர்கள் தீர்மானித்தார்கள்.

இதைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். வாரியத்துக்கு வர கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும். பெண்கள் குடத்துக்கு அருகிலும் வர முடியாது. சபையில் இடமில்லாதவர்களே மண்வெட்டி பிடித்தார்கள். பல ஊர்களில் மடை திறந்து வாய்க்கால் பார்க்கும் நீர்க்கட்டி வேலை தலித் குடும்பங்களின் மீது பரம்பரைச் சுமையாக ஏற்றப்பட்டு, களத்துமேட்டில் அளந்துவிடும் சில மரக்கால் நெல்லோடு அவர்களை நிறுத்திவைத்தது. சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் டேவிட் மோஸ், கண்மாய்களுக்குப் பின்னால் அரசரின் அதிகாரமும் கோயில் மரியாதையும் சாதிப் படிநிலையும் பின்னிக் கிடந்ததைக் காட்டினார். தன்னிறைவு பெற்ற சின்னஞ்சிறு குடியரசாகக் கிராமத்தை வருணிக்கும் பழக்கத்தை அந்த ஆய்வு உடைத்தது, உடைந்தது நல்லதே. அந்த ஊரை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. அதன் நிதி ஏற்பாட்டை மட்டும் வேறு மனிதர்களின் கையில் வைக்கலாம்.

அந்த ஏற்பாடு கலைந்த விதத்தையும் பார்க்க வேண்டும். ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாகத் தீர்வை வாங்கத் தொடங்கியபோது, விளைச்சலில் ஊர்ப் பொதுவுக்கென்று ஒதுங்கி நின்ற பங்குகள் சுருங்கின. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைந்தது. மானிய நிலங்களின் உரிமை விசாரிக்கப்பட்டது, பலவற்றுக்குத் தீர்வை விதித்து, செய்ய வேண்டிய ஊழியத்திலிருந்து நிலத்தைப் பிரித்துத் தனிச் சொத்தாக்கினார்கள். அதே 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம் இந்த மாகாணத்துக்கென்று வந்தது. கரை காக்கவும் வாய்க்கால் வெட்டவும் வழக்கப்படி வர வேண்டியவர்கள் வராவிட்டால் தண்டம். ஒரு கையால் வருமானத்தை எடுத்துக்கொண்டு மறு கையால் கடமையைச் சட்டமாக்கினார்கள். 1876-78 பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பிறகு, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று அரசே ஏரிகளை அளக்கக் கிளம்பியது. பொறியாளர் வந்தார், வரைபடம் வந்தது. ஊர் வேடிக்கை பார்த்தது.

விடுதலைக்குப் பிறகும் பணம் தரும் முறையின் அடிப்படை மாறவில்லை. 1953இல் மத்திய சமூக நல வாரியம் உருவானபோது, சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தன் கையால் வளர்த்த துர்காபாய் தலைமை ஏற்றார். நாடெங்கும் சிறு தொண்டு அமைப்புகளுக்கு அரசுப் பணம் போக ஒரு வாசல் திறந்தது. பெரிய காரியம் அது. ஆனாலும் மானியம் என்றால் விண்ணப்பம், ஒப்புதல், செலவு, பயன்பாட்டுச் சான்றிதழ் என்ற வரிசை நம் நிர்வாகத்தில் கல்லாக இறுகிவிட்டது. இந்த வரிசையில் மிச்சம் பிடிப்பது குற்றம். செலவாகாத தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். நாளைக்கென்று நூறு ரூபாய் ஒதுக்கிவைக்கும் சங்கத்தைத் தணிக்கை அலுவலர் சந்தேகத்தோடு பார்க்கிறார். எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு மறுபடி மனுவோடு நிற்கும் சங்கம்தான் ஒழுங்கான சங்கம்.

புதிதாக வந்த பணங்களும் இதே வழியில்தான் போகின்றன. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பணத்தைப் பெற வருமான வரிப் பதிவும் 2021 முதல் நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவும் தேவை. ஒரு கண்மாய்ச் சங்கத்தின் தலைவர் இதற்காக எத்தனை முறை பஸ் ஏறுவார்? வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்பு அதில் ஒரு பகுதியைச் சிறிய அமைப்புக்குக் கைமாற்றிவிடுவதை 2020 திருத்தம் தடுத்துவிட்டது. முறைகேடு நடந்த இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. அடைபட்டது என்னவோ கடைக்கோடிக்குப் போன வாய்க்கால்.

‘நமக்கு நாமே’ திட்டம் 1990களின் இறுதியில் வந்து 2021இல் மீண்டும் உயிர்பெற்றது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மிச்சத்தை அரசு தரும். இதில் நல்லெண்ணம் உண்டு. ஆனால் பங்கு திரட்ட வல்ல ஊர் எது? துபாயிலும் சென்னையிலும் பிள்ளைகள் சம்பாதிக்கும் ஊர், ஒரு அரிசி ஆலை முதலாளி வாழும் ஊர். மானாவாரியை நம்பிக் கிடக்கும் ஊருக்கு அந்த முதல் பங்கே எட்டாத கிளை. ஏழை ஊரிடம் பங்கு கேட்பதென்றால், தமிழகத்தின் சுமார் 39 ஆயிரம் ஏரிகளில் மிக நலிந்தவற்றைக் கழித்துவிட்டு மற்றவற்றுக்குக் கொடுப்பதாகத்தான் முடியும்.

மாற்று வழியும் இங்கேயே இருக்கிறது. மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகங்கள் என்னும் விவசாயிகள் சங்கங்கள் 1990களிலிருந்து கண்மாய் வேலையோடு, கண்மாய்க்கென்று ஒரு வைப்புநிதியைச் சேர்க்கவும் ஊர்களைப் பழக்கியிருக்கின்றன. வட்டி சின்னதுதான். ஷட்டருக்குக் கிரீஸ் போட, கரையில் முளைக்கும் கருவேலங்கன்றைப் பிடுங்க, மழைக்காலத்துக்கு ஒரு காவல் ஆள் வைக்க அது போதும். பெரிய உடைப்புகள் பெரும்பாலும் இந்தச் சின்ன வேலைகளைச் செய்யாமல் விட்டதால் வருபவை. ஒரு கோடி ரூபாய் சீரமைப்பைப் பத்தே ஆண்டில் மண்ணாக்குவதும் அதுவே.

அரசு செய்யக்கூடியது இது. ஏரிச் சீரமைப்புக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை வேலைக்குச் செலவிடாமல், அந்த ஏரியின் பெயரில் எடுக்க முடியாத வைப்பாகப் போட வேண்டும். வட்டி மட்டும் சங்கத்துக்கு. மீன்பாசி ஏலத்திலும் கரை மரங்களின் ஏலத்திலும் வரும் தொகையில் உறுதியான பங்கு அதே கணக்குக்குப் போக வேண்டும். சங்கத்தில் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் மட்டும் இருந்தால் உத்திரமேரூரின் கால்வேலி விதியை நாமே மறுபடி எழுதியவர்கள் ஆவோம். ஆடு மாடு ஓட்டுகிறவர்களும், மீன் பிடிக்கிறவர்களும், நூறு நாள் வேலையில் இந்த ஏரிகளை உண்மையில் வெட்டிய பெண்களும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். நீர்க்கட்டிக்கு நெல்லுக்குப் பதில் மாதச் சம்பளம் இந்த வட்டியிலிருந்து போகட்டும். அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்கட்டும்.

முதலைக் கிராமத்தில் விட்டால் தின்றுவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். தின்ன முயல்பவர்கள் இருப்பார்கள். பத்தாம் நூற்றாண்டிலும் இருந்ததால்தான், கணக்குக் காட்டாதவரை விலக்கும் அந்த விதியைச் சுவரில் வெட்டினார்கள். ஆண்டுக் கணக்கைக் கிராம சபையில் வரிவரியாகப் படிக்க வேண்டும், அப்படிப் படித்துக் காட்டாத நிர்வாகிகளும் அவர்கள் வீட்டாரும் மறுமுறை போட்டியிடக் கூடாது என்று சங்க விதியில் சேர்க்க ஓர் அரசாணை போதும். நலிந்த ஏரிகள் அதிகமுள்ள ஓர் ஒன்றியத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள ஊராட்சி ஏரிகளுக்கு மக்கள் பங்கு எதுவும் கேட்காமல் இந்த முதலைப் போட்டு, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்கலாம்.